ராமஜெய நோட்டில் ஓர் அரபிக் கடிதம்

யூதர்களுக்கு ஒரே பாஷைதான், அது எபிரேயம்தான் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். நன்றாகப் படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். நான் புத்தகம் எதையும் புரட்டிவிட்டுப் பேசவில்லை. எழுபதுகளில் வளைகுடாத் தீவு ஒன்றில், மனாமாவில் ஒரு சந்தில் ஐந்து வருஷம் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு யூதப் பெண் இருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததுதான்.

என் கணவர் மின் நிலையத்தில் இன்ஜினியர். நான் திருச்சியில் பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போனால் சுண்டல் கைக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி ஒரே ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. அவளுக்கு நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் தாத்தா காலத்தில் பாக்தாத்திலிருந்து வந்து துணிக்கடை வைத்த குடும்பம். அப்பா இறந்தபின் கடை போய்விட்டது. அவள் வீட்டிலேயே திரைச்சீலையும் உடுப்பும் தைத்துக் கொடுத்தாள். எங்களுக்குள் பேச்சு பாதி இந்தி, கால்வாசி அரபி, மிச்சம் கை ஜாடை. அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அந்தக் கலவையை அப்படியே எழுதினால் எனக்கே புரியாது.

அந்தத் தீவில் அரபி ஒரே தினுசு இல்லை. ஊர்க்காரர்களில் ஒரு சாரார் பேசுவது ஒரு தினுசு, இன்னொரு சாரார் பேசுவது வேறு தினுசு. இவள் வீட்டுக்குள் பேசியது மூன்றாவது. பாக்தாத் யூதர்களின் அரபி அது. வாசல்படி தாண்டும்போது செருப்பை மாட்டிக்கொள்வதுபோல் கடைத்தெரு அரபியை மாட்டிக்கொள்வாள். உள்ளே வந்ததும் கழற்றிவிடுவாள். எங்கள் திருச்சித் தெருவிலேயே நாலு வீட்டில் நாலு தமிழைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம் எழுத்தில்தான் இருந்தது. அவளுக்கு அரபு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அம்மா சொல்லிக் கொடுத்த எபிரேய எழுத்துதான் தெரியும். பேச்சு அரபி, எழுத்து எபிரேயம். கீழக்கரைப் பக்கம் அரபு எழுத்தில் தமிழ் எழுதும் முஸ்லிம் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் அரபி, வாசித்தால் சுத்தத் தமிழ். இதுவும் அதே கதைதான் என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

அவளுக்கு ஒரே ஒரு அக்காள், பம்பாயில் பைகுல்லாவில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா இறந்த தந்தி பம்பாய்க்குப் பதினோரு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. அக்காளை வரவிடக்கூடாது என்றே தங்கை தாமதம் செய்தாள் என்று யாரோ சொந்தக்காரர்கள் ஓதிவிட்டார்கள். தங்கை விளக்கி எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். இரண்டு வருஷமாக ஒரு வரிகூட இல்லை.

"அவ என்னை வெட்டி விட்டுட்டா" என்று தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ரத்த உறவு அது.

நாங்களெல்லாம் அப்போது தபாலை நம்பியதே கிடையாது. யாராவது லீவில் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், முந்தின நாள் அவர் வீட்டில் கூட்டம் கூடிவிடும். கடிதம், போட்டோ, கேசட், மாத்திரை எல்லாம் அவர் பெட்டியில் ஏறும். முகம் தெரியாதவனுக்கும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது, அதுதான் எங்கள் சட்டம். நான் லீவில் கிளம்பியபோது திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று முப்பது கடிதம் சேர்ந்தது. "உன்னுடையதையும் கொடு" என்று அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பம்பாயில் இறங்கியதும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காளுக்கு ஐம்பது வயதுக்கு மேல், பெரிய உடம்பு, மூச்சு வாங்கும். கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் எழுதியது நாலு கடிதம். ஒன்றும் தங்கைக்குப் போய்ச் சேரவில்லை; தங்கை எழுதியதும் இவளுக்கு வரவில்லை. எங்கே நின்றன என்று யாருக்குத் தெரியும்? அரபு நாடுகளும் யூத நாடும் சண்டையில் இருந்ததால் எபிரேய எழுத்தைக் கண்டாலே சந்தேகப்படுகிற காலம் அது. இரண்டு வருஷம் இரண்டு சகோதரிகள், அவள் என்னை வெறுக்கிறாள் என்று இங்கும் அங்கும் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும்போது வா, பதில் தருகிறேன் என்றாள்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அந்த மூன்றாம் மாடி வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மூவரும் யூதர்கள். அக்காளுக்கு அரபி. எதிர்வீட்டு அம்மாளுக்கு மராத்தி, கட்டியிருந்ததும் மராத்திக்காரர் கட்டும் புடவை. மூன்றாமவள் கொச்சிக்காரி, என் வயசு நர்ஸ், மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவள். அவள் மலையாளம் எனக்கு மற்ற மலையாளத்தைவிட நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊரில் பெரியவர்கள்கூட மறந்துபோன பழைய சொற்கள் அதில் கிடந்தன. மூவரும் ஒருவரோடொருவர் பேசியது பம்பாய் இந்தியில். பேசியது என்பதைவிடச் சண்டை போட்டது என்பதே சரி.

"உங்க பாஷைல சாமி கும்பிட்டா அவருக்குப் புரியுமா?" என்று மராத்தி அம்மாள் அக்காளைச் சீண்டினாள்.

அக்காள் விடவில்லை. தன் புருஷன் வழியில் பாரசீகம் பேசும் யூதர்கள் உண்டு என்றாள். துருக்கிப் பக்கம் போனவர்கள் ஸ்பானியத்தையும், ஐரோப்பாவில் இருந்தவர்கள் ஒருவகை ஜெர்மனையும் பேசுவார்கள் என்றாள். போன இடத்துப் பாஷையை வாங்கி, முடிந்தால் தன் எழுத்தில் எழுதி, தன் சாமி வார்த்தைகளைத் தாளித்துக் கொட்டினால் ஒரு புதுப் பாஷை. அடுத்த ஊருக்குப் போனால் அடுப்பு வேறு, பண்டமும் வேறு. இதில் எது அசல் என்று கேட்கிறவன் மடையன் என்று முடித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பதிலை எபிரேய எழுத்தில் எழுதி மடித்துக் கொடுத்தபோது நர்ஸ் குறுக்கிட்டாள். "ஏர்போர்ட்ல பிடிச்சா இது போயிடும். நீங்க தமிழ் எழுத்துல ஒரு காப்பி எழுதிக்கோங்க. தமிழை யாரு கேக்கப்போறா?"

எழுதப் பேப்பர் தேடினேன். பையில் இருந்தது ராமஜெய நோட்டு மட்டும்தான். குழந்தை பிறக்க லட்சம் தடவை ஸ்ரீராமஜெயம் எழுது என்று மாமியார் கொடுத்த நோட்டு. இரண்டாயிரம் எழுதிவிட்டு எரிச்சலில் நிறுத்தியிருந்தேன். மிச்சப் பக்கங்களில் அக்காள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் பொருள் தெரியாமலேயே செய்யுளை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் நாம், இது என்ன பெரிய காரியம்? திருப்பி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் இருக்கு, ஒண்ணும் குறையலே" என்றாள்.

அசல் கடிதத்தை நான் சாம்பார் பொடி டப்பாவில் புதைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். வளைகுடாவுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அங்கே முதலில் திறப்பது பொடி டப்பாவைத்தான். கணவர் லீவு முடிந்து முன்னாலேயே போய்விட்டதால் தனியாகத்தான் வந்து இறங்கினேன். சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்தார், தும்மினார், காகிதத்தை உருவினார். மிளகாய் வாசனையோடு அந்த எழுத்து வெளியே வந்தது.

"மம்னூ" என்றார். தடை செய்யப்பட்டது என்று அர்த்தம்.

"இது அரபி. உங்க பாஷை. ஒரு அக்கா தங்கைக்கு எழுதினது" என்றேன் இங்கிலீஷில்.

"இந்த எழுத்து அரபி இல்லை, சிஸ்டர்."

"எழுத்தை விடுங்க. படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடுங்க, படிக்கட்டும், நீங்க கேளுங்க. ஒரு வார்த்தை உங்களுக்குப் புரியலைன்னா என்னை அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்புங்க."

வரிசையில் பின்னால் நின்ற நம் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. இளம் வயசு, கடமையைச் செய்கிறார். ஆனால் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எழுத்து என்ன குற்றம் செய்யும் என்று கத்தினேன். அவர் "கலாஸ், சிஸ்டர், கலாஸ்", அதாவது போதும் போதும், என்று காகிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். பிறகு ராமஜெய நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கம் பக்கமாக ஒரே வரி. கடைசியில் கொஞ்சம் வேறு வரிகள்.

"இது என்ன?"

"சாமி பேரு" என்றேன். முன்பக்கங்களைப் பொறுத்தவரை அது சத்தியம். பின்பக்கங்களிலும் அக்காள் கடவுளை எத்தனை தடவை கூப்பிட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது, நிறைய இருக்கும்.

அவர் நோட்டை இரண்டு கையாலும் மூடி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பையில் திணித்துக்கொண்டு டாக்சியில் ஏறினேன்.

விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் வெளிறிப்போனார். "நமக்கு எதுக்குடி இந்த வம்பு? கஃபீல் காதுக்குப் போனா விசாவே போயிடும்" என்றார். எங்கள் வேலைக்கும் இருப்புக்கும் கையெழுத்துப் போட்டிருந்த உள்ளூர் முதலாளியைத்தான் சொன்னார். அவர் பயம் நியாயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். "முப்பது பேர் கடிதம் கொண்டுபோனப்ப வம்பா தெரியலையே, இது ஒண்ணுதான் வம்பா?" என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அசல் போய்விட்டது என்றதும் அவள் தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வார்த்தை "அய்னி." என் கண்ணே என்று அர்த்தமாம், அதைப் பின்னால்தான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கே தலை நிமிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் வாயை மட்டும் பார்த்தாள். நடுநடுவே "இல்லை, இல்லை" என்று பதில் சொன்னாள், ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் முந்தானைபோல் போட்டிருந்த துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். முடித்ததும் என் நோட்டை வாங்கி, தன்னால் ஒரு எழுத்தும் படிக்க முடியாத அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"அப்பா கண்ணை மூடின கை உன் கை, அந்தக் கைக்கு முத்தம்னு எழுதியிருக்கா."

நானும் அழுதேன். வெட்கம் என்ன இதில்.

அன்றைக்கே பதில் எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில். இந்தத் தடவை யார் பெட்டியிலும் ஒளிக்கவில்லை. தபால் தலை ஒட்டி, பட்டப்பகலில் தபால் நிலையத்துக்குப் போய், நானே கொடுத்தேன். பம்பாயில் நர்ஸ் அதை அக்காளுக்கு வாசித்தாள், பதிலைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் போட்டாள். பாக்தாத் யூத அரபி, கொச்சி யூதப் பெண் கையால் தமிழ் எழுத்தாகி, திருச்சிக்காரி வாயால் மறுபடி அரபியானது. மூன்று வருஷம். ஒரு கடிதமும் காணாமல் போகவில்லை. பிரித்துத் தமிழ் எழுத்தைப் பார்த்தவர்கள் ஏதோ மதராஸி குடும்ப விவகாரம் என்று விட்டிருப்பார்கள்.

பஜனையில் ஒரு மாமி, "யூதப் பொம்பளையோட உனக்கென்ன சகவாசம்? அவா பாஷை உனக்கெதுக்கு?" என்றாள். "இன்னும் ஒரு வருஷத்துல அவ பாஷையிலயே உங்களைத் திட்டுவேன் மாமி, இருங்கோ" என்றேன். உண்மையிலேயே வாசிக்க வாசிக்க எனக்கு வார்த்தைகள் பிடிபட ஆரம்பித்திருந்தன. காய்ச்சல், வாடகை, மீன், வெயில், அய்னி.

மூன்றாம் வருஷம் குளிர்காலத்தில் என் கணவருக்கு ஷார்ஜாவுக்கு மாற்றல் வந்தது. அங்கே புதிதாகத் தொழில்பேட்டை எழும்பிக்கொண்டிருந்தது. பத்து நாளில் கிளம்பவேண்டும். அந்த வாரமே பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. அவள் எப்போதும்போல் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "வாசி" என்றாள்.

பிரித்தேன். அய்னி என்று தொடங்கவில்லை. அரபியே இல்லை. நர்ஸ் எனக்குத் தமிழில் எழுதியிருந்தாள்; பம்பாய் அக்காளை அவள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். "அக்கா, ஆன்ட்டி ஷாலோம் ஆயி. எங்க ஆளுங்க செத்துப்போச்சுன்னு வாயால சொல்லமாட்டோம், இப்படித்தான் சொல்லுவோம். ஞாயித்துக்கிழமை நெஞ்சு வலி. ராத்திரிக்குள்ள முடிஞ்சுது. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

மூன்று வருஷம் அர்த்தம் தெரியாமல் வாசித்தவள் நான். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அன்றைக்கு முதல் தடவையாக எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியாதது. கடிதத்தை மடியில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கழுத்துப் பட்டையைப் பிடித்து டர்ரென்று கிழித்தாள். மற்றவர்களுக்குத் தைக்கிற அந்தக் கை தன் உடுப்பைக் கிழித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அவர்கள் வழக்கப்படி உடுப்பைக் கிழித்து, ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காக்கவேண்டும். பிரார்த்தனைக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். அந்த ஊரில் அன்றைக்குப் பத்து பேர் சேரவில்லை. நாலு பேர் வந்தார்கள், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். "பத்து ஆண் இல்லைன்னா அவளுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து கடிதக்கட்டையும் என் நோட்டையும் எடுத்தாள். "நீ வாசி. முதல்லேருந்து. ஜன்னலைத் திறந்துட்டு வாசி."

ஆபீஸ் விட்டதும் வந்து, தினமும் அவளோடு தரையில் உட்கார்ந்து வாசித்தேன். மெதுவாக இல்லை, சத்தமாகத்தான். சந்தில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அவர்கள் பாஷைதான், ஆனால் அவர்கள் வீட்டுப் பேச்சு இல்லை, வாசிப்பவளோ பொட்டு வைத்த மதராஸி. யாராவது வந்து ஏன் என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எதிர்க்கடைக்காரர் மட்டும் ரேடியோவை நிறுத்தினார்.

ஆறாம் நாள் அக்காள் கடைசியாக எழுதிய கடிதம். ஒரு மாதம் முன்பு நானே வாசித்ததுதான், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஓடியிருந்தேன். இந்தத் தடவை நிதானமாக வாசித்தபோது கடைசி வரியில் நின்றுவிட்டேன். யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. "இதை வாசிக்கிற பெண்ணே, நீயும் எனக்கு அய்னி. என் நெஞ்சு சரியில்லை. நான் எழுதாமல் போகும் நாளில் அவளைத் தனியாக விட்டுப் போகாதே."

"இது எனக்குன்னு ஏன் நீ சொல்லலை?" என்று அவளிடம் கேட்டேன்.

"உன்கிட்டதானே சொன்னா. உன் வாயாலதானே நான் கேட்டேன்" என்றாள். "நீ பதில் சொல்லாம எழுந்து ஆபீஸ் போயிட்டே. யோசிக்கிறா போலன்னு விட்டுட்டேன்."

நான் எழுந்து எங்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் என் கணவர் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"என் பெட்டியை அவிழுங்க. நீங்க முன்னால போங்க, நான் இப்ப வரலை."

"எத்தனை நாள்? விசா என்ன ஆகும்?"

"அது முடியற அன்னிக்கு முடியட்டும். அவ தனியா இருக்கா."

அவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.